நிறுத்தும் தூரம்

சனிக்கிழமை காலை ஏழரைக்கு சீனு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான். கதவைத் தட்டவில்லை.

"மாமா, டிராக்டர் வரலை."

எந்த டிராக்டர் என்று கேட்டேன்.

"என்ன மாமா நீங்க! பல்லக்கு இழுக்கிற டிராக்டர். வர்த்தூர்க்காரன் இப்பதான் போன் பண்ணான், கிளட்ச் போயிடுச்சாம். நாளைக்கு நாலு மணிக்கு அம்மன் கிளம்பணும். ஆனா கவலையே வேணாம். நம்ம பிக்கப்ல இழுத்துடலாம்னு கமிட்டில சொல்லிட்டேன்."

"யார் சரின்னாங்க?"

"எல்லாரும். செக்ரட்டரி மட்டும், 'உங்க மாமா இன்ஜினியர்தானே, அவர் பார்த்து சரின்னா சரி'ன்னார்." மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். "அஞ்சு நிமிஷம் மாமா. வந்து பார்த்துட்டு சரின்னுடுங்க."

சீனு என் மனைவியின் தம்பி. குடிதண்ணீர்க் கேன் போடுகிறான். அதற்காக வாங்கிய பழைய பிக்கப் அது. என் மனைவி சிந்து ஒன்றரை வருஷத்துக்கு முன் இறந்தாள். மூளைக்காய்ச்சல். ஒன்பது நாள். நான் சேலத்துக்குத் திரும்பவில்லை. ஜோகுபாளையத்தில் அவள் வீட்டு மாடியிலேயே இருந்துவிட்டேன். தொம்மலூரில் ஒரு கம்பெனியில் இயந்திர பாகங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைகிறேன். இரவு கீழே போய்ச் சாப்பிடுவேன். சிந்துவின் அம்மா, என் அத்தை, பரிமாறுவார். இருவரும் பேசுவதில்லை. கோபம் எதுவும் இல்லை. பேச ஒன்றுமில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கோயில் திடலில் டிரெய்லர் நின்றது. இரண்டு சக்கரம், இரும்புச் சட்டம், மேலே பலகை. அதன்மீது மூங்கிலும் மரமுமாகப் பல்லக்கின் கூடு எழும்பியிருந்தது, பத்தடி உயரம். உச்சியில் ஏணி போட்டு நின்று ஓர் அம்மாள் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பெயர் பெட்டி, ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். சர்ச் கல்யாணங்களுக்குப் பூ அலங்காரம் செய்பவர். இருபது வருஷமாக இந்த அம்மனுக்கும் அவர்தான்.

கீழே கமிட்டி செக்ரட்டரி சுந்தரமூர்த்தி. அவரைச் சுற்றி பதினைந்து இருபது பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

விஷயம் எனக்குப் புரிய வைக்கப்பட்டது. அல்சூர் ஏரிக்கரையில் ஏழு தெருப் பல்லக்குகள் சேரும். எது முதலில் நிற்பது என்று சீட்டுக் குலுக்குவார்கள். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக எங்கள் தெருவுக்கு முதல் இடம் விழுந்திருக்கிறது. ஆறு மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் அடுத்த தெருவுக்கு.

"அடுத்த தெரு யாரு தெரியுமா?" என்றான் சீனு. "பால்காரன் தெரு. போன வருஷம் லைட் எரியலைன்னு நம்மளைப் பார்த்து விசிலடிச்சானுங்களே, அவனுங்க."

போன வருஷம் நான் பார்க்கவில்லை. வீட்டில் தீட்டு. அதற்கு முந்தின வருஷம் ஆபீஸ் வேலையாகப் புனேயில் இருந்தேன். இந்தப் பல்லக்கு கிளம்பி நான் பார்த்ததே இல்லை.

"எங்க வழியா போகும்?" என்றேன்.

"நம்ம தெரு முழுக்க. அப்புறம் மெயின் ரோடு. அப்புறம் ஏரி இறக்கம்."

"இறக்கமா?"

"சின்ன இறக்கம்தான் மாமா."

பிக்கப்பின் பின்னால் போய்க் குனிந்தேன். அதற்குள் ஒரு கொக்கி வைத்தாகிவிட்டது. வெல்டிங் இன்னும் சூடாக இருந்தது. பம்பர் தகட்டில் ஒட்டியிருந்தார்கள்.

"யார் வச்சது?"

"முனியப்பண்ணன்," என்றான் சீனு பெருமையாக. "காலைல ஆறு மணிக்கே எழுப்பிட்டேன்."

முனியப்பன் பழைய மெட்ராஸ் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறார். பக்கத்தில்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எடுத்துடுங்க அண்ணே," என்றேன்.

"ஏன், நம்ம வெல்டிங் விடாதுப்பா."

"வெல்டிங் விடாது. பம்பர் விடும். ஏரியில போய் பம்பரை மட்டும் தேடணும்."

யாரோ சிரித்தார்கள். முனியப்பன் பம்பரை ஒரு தரம் உதைத்துப் பார்த்தார். அது ஆடியது. கட்டர் எடுக்கப் போனார். சேசிஸின் இரண்டு நீளச் சட்டத்திலும் தகடு வைத்து, எட்டு போல்ட் போட்டு, அதில் கொக்கி. கொக்கி விட்டாலும் பிடிக்க ஒரு சங்கிலி. பேப்பரில் வரைந்து கொடுத்தேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பதினொரு மணிக்கு ரெடி" என்றார்.

வண்டியோடு வந்த கையேட்டைச் சீனு தேடிக் கொடுத்தான். பழுதானால் இந்த வண்டியை எப்படிக் கட்டி இழுப்பது என்று ஒரு பக்கம் இருந்தது. இந்த வண்டி எதையாவது இழுக்கலாமா என்று ஒரு வரிகூட இல்லை.

"அப்போ இழுக்கக் கூடாதுன்னு போடலை இல்ல?" என்றான் சீனு.

"போடலை."

"அப்புறம் என்ன!"

"எடை பார்க்கணும்."

புதுக் கொக்கி தயாரானதும் டிரெய்லரை மாட்டி, லாரிகளை எடை போடும் வே பிரிட்ஜுக்கு மெதுவாகப் போனோம். பிக்கப் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு கிலோ. டிரெய்லர் கூட்டோடு எழுநூறு. திரும்பி வந்து மற்றதைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். அம்மனும் பீடமும் நூற்றுப்பத்து. பூசாரி எழுபது. ஜெனரேட்டர் நூற்றெழுபது. பூ எவ்வளவு என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

"டூ ட்வென்டி கிலோ தம்பி," என்றார் பெட்டி ஏணியிலிருந்து. "மார்க்கெட் எடை. என்னை ஏறக்குறைய நம்பலாம். என் எடையை மட்டும் கேட்காதே."

"குழந்தைங்க?"

"பதினஞ்சு," என்றார் செக்ரட்டரி. "வேண்டுதல் குழந்தைங்க. அம்மனோட உட்கார்ந்து ஏரி வரைக்கும் போகணும்."

கூட்டினால் ஆயிரத்து ஐந்நூற்று எழுபது. டிரெய்லருக்கு பிரேக் கிடையாது. இழுக்கும் வண்டியைவிட இழுபடுவது கனம்.

"இழுக்கும் மாமா," என்றான் சீனு. "ரெண்டு டன் இழுத்திருக்கேன், சத்தியமா."

"இழுக்கிறது பெரிசில்ல. நிறுத்தணும். இறக்கத்துல நீ பிரேக் போட்டா பின்னாடி இருக்கிறது நிக்காது. உன்னைத் தள்ளும். நேரா தள்ளாது, மடிச்சுத் தள்ளும்."

இரண்டு உள்ளங்கையையும் நீட்டி, ஒன்றை மற்றதால் தள்ளி மடக்கிக் காட்டினேன். கூட்டத்தில் சீனுவின் மனைவி சரளா இருந்தாள். அவள் மகள் மகாவுக்கு ஐந்து வயது. அந்தப் பதினைந்தில் மகாவும் உண்டு. சரளா என் கைகளையே பார்த்தாள்.

"முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க அண்ணா," என்றாள்.

"இன்னும் பார்க்கலை," என்றேன். "கேன் கொண்டா சீனு. தண்ணியோட. எல்லா கேனும்."

எடைக்கல் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. இருபது லிட்டர் கேன் ஒன்று, பிளாஸ்டிக்கோடு இருபத்தோரு கிலோ. பூவுக்குப் பத்தரை கேன். அம்மனுக்கு ஐந்து. பூசாரிக்கு மூன்றரை. குழந்தைகளுக்குப் பதினாலு. முப்பத்து மூன்று கேனை அவரவர் இடத்தில் வைத்தோம். குழந்தைகள் தாங்கள் எந்தக் கேன் என்று சண்டை போட்டார்கள். மகா ஒரு கேனுக்குத் தன் ரிப்பனைக் கட்டினாள்.

ஜெனரேட்டரைக் கடைசியில் பின்பக்கம் ஏற்றினார்கள். அதுதான் வழக்கம். அம்மன் முகத்தில் புகை படக் கூடாது.

சமதரையில் முதல் ஓட்டம். சீனு கிளப்பியதும் பிக்கப் முனகி, எழும்பி, நகர்ந்தது. தெரு முழுக்க விசில். யாரோ அதற்குள் தேங்காய் உடைத்துவிட்டார்கள். நான் ஓரமாகக் கூடவே ஓடினேன். பதினைந்து கிலோமீட்டர் வேகம் வந்ததும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. இடம், வலம், இடம். ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிதாக. பல்லக்கின் மூங்கில்கள் கிறீச்சிட்டன.

"நிறுத்து! சீனு, நிறுத்து! பிரேக் போடாதே, காலை எடு!"

நின்றது. கொக்கியைப் போய்ப் பார்த்தேன். பாரம் கொக்கியில் கீழ்நோக்கி உட்கார வேண்டும். இங்கே பின்னால் இருந்த ஜெனரேட்டர் கொக்கியை மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

"ஜெனரேட்டர் முன்னாடி போகணும். பிக்கப்ல."

"அது ஆகாது," என்றார் சுந்தரமூர்த்தி. "அம்மனுக்கு முன்னால புகையா? என்ன பேச்சு தம்பி இது."

வண்டி பின்னாலேயே ஓடி வந்திருந்த பெட்டியின் குரல். "ஏன் அங்கிள், இருபது வருஷமா அந்த டிராக்டர் சைலன்சர் அம்மன் மூஞ்சிக்கு நேரா கக்கிச்சே, அப்போ அது சாம்பிராணியா?"

தெருவே சிரித்தது. செக்ரட்டரியும் கடைசியில் சிரித்தார். முனியப்பன் புகைக்குழாயைப் பத்தடி நீட்டி வண்டிக்கு அடியில் விட்டார். பிக்கப்பில் ஜெனரேட்டர், அதோடு இருபது கேன் தண்ணீர். முன்வண்டி கனத்தது. பின்வண்டியைக் குறைக்க ஐந்து குழந்தைகள் நடக்க வேண்டும் என்றேன். அதற்கு ஒரு மணி நேரச் சண்டை. கடைசியில் அதற்கும் சீட்டுக் குலுக்கினார்கள். மகாவுக்கு உட்காரும் சீட்டு விழுந்தது. அவள் திடலை மூன்று சுற்று ஓடினாள்.

மறுபடி ஓட்டினோம். வாலாட்டம் இல்லை. கொக்கியில் தொண்ணூறு கிலோ உட்கார்ந்திருந்தது. பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.

மதியம் சாப்பிட யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. யாரோ கையில் புளியோதரைப் பொட்டலம் ஒன்றைத் திணித்தார்கள். அதைத் தின்றுகொண்டே ஏரி இறக்கத்தில் பலகை வைத்து ரசமட்டம் பார்த்தேன். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி இறங்கியது. சின்ன இறக்கம் இல்லை. கீழே இடதுபக்கம் திரும்பும் சாலை. நேரே போனால் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்.

சாக்பீஸால் ரோட்டில் ஒரு கோடு போட்டேன். சீனு ஓட்ட, நான் பக்கத்தில். இரண்டாவது கியர், பத்து கிலோமீட்டர் வேகம். கோட்டைத் தொட்டதும் பிரேக்.

"நீங்க ஏன் மாமா உள்ள வர்றீங்க? ஏதாவது ஆச்சுன்னா?"

"போ."

நின்றது. இறங்கி அளந்தேன். நான்கு அடி. டிரெய்லர் நேராக இருந்தது. இன்னொரு தடவை. நான்கரை. பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒன்று. பத்தடி. இருபதில் ஒன்று. கேன்கள் முன்னால் சரிந்தன, ஆனால் நேராகவே நின்றது. ஆறு தடவை செய்தோம். பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது, எரியவில்லை.

இறக்கத்தின் மேலே தெரு முழுக்க நின்றுகொண்டிருந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன். சரி என்று.

அங்கிருந்து எழும்பிய சத்தத்துக்கு ஏரியில் இருந்த கொக்குகள் பறந்தன. சீனு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான். அவன் உடம்பெல்லாம் டீசல் நாற்றம். "முதல் இடம் மாமா! முதல் இடம்!"

"ரெண்டாவது கியரைத் தாண்டாதே," என்றேன்.

*

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று கூடே தெரியாமல் பூ மூடியிருந்தது. நடுவில் அம்மன். அவளைச் சுற்றி பத்துக் குழந்தைகள் பட்டுப் பாவாடையும் ஜரிகை வேட்டியுமாக. மகா விசிறி பிடித்திருந்தாள். மேளம் அடிவயிற்றில் இடித்தது. டிரெய்லரைச் சுற்றி நாலு பக்கமும் தொண்டர்கள் தடித்த கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்கினார்கள். சீனு புதுச் சட்டை போட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டான். நான் முன்சக்கரத்தின் ஓரமாக நடந்தேன்.

வண்டி நகர்ந்ததும் முதல் வீட்டிலிருந்து மரகதம் குடத்தோடு வந்தார். பூ கட்டி விற்கும் அம்மாள். குடத்தில் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. குனிந்து, பிக்கப்பின் முன்சக்கரத்தில் ஊற்றினார். அப்படியே பின்சக்கரத்திலும். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அம்மன் கால் எட்டாது இல்ல?" என்றார் என்னிடம். "இழுத்துட்டுப் போற சக்கரம்தான் கால். தள்ளி நில்லு தம்பி, நனைஞ்சுடுவே."

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு வாசலிலும் குடம். சிலருக்கு ஒரு குடம் போதவில்லை. தெருவில் மஞ்சள் ஆறு ஓடியது. என் செருப்பு வழுக்கியது. குழந்தைகள் மேலிருந்து பூ இறைத்தார்கள். ஒரு கை நிறைய என் தலையில் விழுந்தது. நிமிர்ந்தேன். மகா சிரித்தாள். நானும் ஏதோ கத்தினேன். மேளத்தில் எனக்கே கேட்கவில்லை.

எண்பத்திரண்டு வீடு. மெயின் ரோட்டுக்கு வரும்போது ஐந்தே கால். அங்கும் கடைக்காரர்கள் பக்கெட்டோடு நின்றார்கள். ஐந்தரைக்கு இறக்கம் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்தது. நூறடி இருக்கும்.

ஓர் ஆட்டோ குறுக்கே புகுந்தது. சீனு பிரேக் போட்டான். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி நிற்கவில்லை. நடக்கும் வேகத்தில் இருந்த வண்டி, அதே நடக்கும் வேகத்தில் இன்னும் ஆறேழு அடி போனது. ஆட்டோக்காரன் தப்பித்துப் போனான். யாரும் கவனிக்கவில்லை. மேளம் நிற்கவில்லை.

ஜன்னல் வழியாக சீனு என்னைப் பார்த்தான். குங்குமம் வியர்வையில் வழிந்திருந்தது.

"மாமா. மிதிச்சேன். கேட்க மாட்டேங்குது."

"பெடல் உள்ள போகுதா?"

"கல்லு மாதிரி இருக்கு. ஆனா பிடிக்கலை."

சக்கரத்தைப் பார்த்தேன். டிரம்மின் அடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. டிரம்முக்குள் தண்ணீர் போனால் காயும்வரை பிரேக் பிடிக்காது. டிராக்டருக்கு பிரேக் உள்ளே, கியர்பெட்டிப் பக்கம். இத்தனை வருஷம் எத்தனை குடம் ஊற்றினாலும் ஒன்றும் ஆகவில்லை. நேற்று ஆறு தடவை சோதித்தேன். காய்ந்த ரோட்டில், காய்ந்த சக்கரத்தில். ஊற்றுவார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது பூஜை. வண்டி விஷயமே இல்லை.

"சீனு, முதல் கியர்ல போட்டு ஆஃப் பண்ணு. ஹேண்ட் பிரேக் இழு."

இரண்டு கல்லைத் தூக்கி முன்சக்கரத்துக்குக் கீழே போட்டேன். பிறகு மேளக்காரர்களுக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்தேன். மேளம் தடுமாறி நின்றது.

"என்னப்பா?" சுந்தரமூர்த்தி ஓடி வந்தார். "மணி அஞ்சு முப்பத்தாறு!"

"பிரேக் நனைஞ்சிருக்கு. இறக்கத்துல நிக்காது. குழந்தைங்களை இறக்குங்க."

"நீதானே சரின்னே?"

"நேத்து சரி. இன்னிக்கு இல்ல."

"காய வைக்க முடியாதா?"

"முடியும். பிரேக்கை லேசா மிதிச்சபடியே கால் மைல் சமதரையில ஓட்டணும். இந்தக் கூட்டத்துல இதைத் திருப்ப முடியுமா?"

அவர் பின்னால் பார்த்தார். மெயின் ரோடு முழுக்கத் தலைகள். டிராஃபிக் கான்ஸ்டபிள் ஒருவர் "பேக பேக, சீக்கிரம் சீக்கிரம்!" என்று எங்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏத்தின குழந்தையை ஏரிக்கு முன்னாடி இறக்கக் கூடாது," என்றார் ஒருவர். "வேண்டுதல் அது."

"மெதுவா போனா நிக்காதா?" என்றார் இன்னொருவர்.

"பால்காரன் தெருப் பல்லக்கு பின்னாடியே வருது!" என்று ஒரு குரல்.

எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். "நிக்காது! மூணு டன்னுக்கு மேல! கீழ வேலி, வேலிக்கு அப்புறம் ஏரி! இறக்குங்க!" ஒருவரும் அசையவில்லை. என் சட்டையை யாரோ பிடித்து ஓரமாக இழுத்தார்கள். உதறினேன்.

அப்போது அத்தை வந்தார். கூட்டத்துக்குள் எங்கே இருந்தாரோ தெரியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரெய்லரின் சக்கரத்தில் கால் வைத்து ஏறினார். அறுபது வயது. நேராக மகாவிடம் போய் அவளை இடுப்பில் வாரினார்.

"அம்மா!" என்றார் செக்ரட்டரி. "மங்களம்மா, அது வேண்டுதல்..."

"வேண்டுதல் என் பேத்தியோடது, உங்களோடது இல்ல. மாப்பிள்ளை இறக்குன்னா இறக்கணும்." சரளாவின் கையில் மகாவைக் கொடுத்துவிட்டு, அடுத்த குழந்தைக்குக் கை நீட்டினார். "யாரோடது இது? வாங்கிக்கோ. நான் ஒரு பொண்ணை அனுப்பியாச்சு. இன்னும் யாரும் அனுப்ப வேணாம்."

பக்கத்தில் நின்றவர்கள் டிரெய்லரை மொய்த்தார்கள். கைகள் நீண்டன. ஒரு நிமிஷத்தில் பத்துக் குழந்தைகளும் கீழே. பூசாரி தானே குதித்தார்.

"இப்போ?" என்றார் செக்ரட்டரி. "இங்கேயே நிக்கிறதா?"

கூட்டத்தை ஒதுக்கிய கயிறு தரையில் கிடந்தது. மணிக்கட்டுத் தடிமன். அதைப் பார்த்தேன். மனதில் கணக்கு ஓடியது. மூன்று டன், பன்னிரண்டில் ஒரு பங்கு, இருநூற்றைம்பது கிலோ இழுப்பு. முதல் கியர் பாதியைப் பிடிக்கும். மீதிக்கு ஆள். ஓர் ஆள் வழுக்காமல் பத்துக் கிலோ பிடிக்க மாட்டானா?

"அண்ணே!" முனியப்பனைக் கூப்பிட்டேன். "கயித்தை டிரெய்லர் பின்சட்டத்துல கட்டுங்க. ரெண்டு மூலையிலும். ரெண்டு வடம் பின்னாடி வரணும்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு முகம் விரிந்தது. "பின்னாடி இழுக்கிறதா! டேய், கயித்தை எடு!"

"எத்தனை பேர் வேணும்?" என்றார் செக்ரட்டரி.

"நாற்பது பேர் போதும். செருப்பைக் கழட்டச் சொல்லுங்க. வழுக்கும். வண்டிக்கு முன்னாடி ஒருத்தரும் நிக்கக் கூடாது. மேளம் உட்பட. இனிமே தண்ணி ஒரு சொட்டு ஊத்தக் கூடாது."

நாற்பது பேர் என்றேன். நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பெட்டி தன் ஷூவைக் கழற்றி வீசிவிட்டு வந்தார். "ஜீசஸ், மேரி," என்று ஏதோ சொல்லிக் கயிற்றைப் பிடித்தார். மரகதம் குடத்தை வைத்துவிட்டு வந்தார். கான்ஸ்டபிள் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வடத்தின் கடைசியில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. நான் இடது வடத்தின் முதல் ஆள். அங்கிருந்து டிரெய்லர் நேராகப் போகிறதா என்று பார்க்கலாம்.

"சீனு! முதல் கியர்! கிளட்சை மிதிக்காதே! என்ன ஆனாலும் மிதிக்காதே!"

கல்லை எடுத்தார்கள். பல்லக்கு தலையைக் குனிந்து இறக்கத்துக்குள் இறங்கியது. கயிறு விறைத்தது. கை எரிந்தது. முதல் பத்தடி எங்களையும் இழுத்துக்கொண்டு போனது. குதிகால்கள் தாரில் தேய்ந்தன. பின்னால் யாரோ விழுந்து எழுந்தார்கள்.

"சாய்! பின்னால சாய்!" யாரோ கத்தினார்கள். "ஒண்ணா! ஒண்ணா!"

நூறு பேரும் ஒன்றாகச் சாய்ந்தோம். பல்லக்கு மெதுவானது. இன்னும் மெதுவானது. பூக்கள் மட்டும் ஆடின. பிறகு இறக்கத்தின் நடுவில், முன்பக்கம் தலை கவிழ்ந்தபடி, அப்படியே நின்றுவிட்டது.

முன்னாலிருந்து சீனுவின் அலறல். "மாமா! வண்டி போகலை!"

"பிரேக்கா?"

"பிரேக் இல்ல! நீங்கதான்! விடுங்க கொஞ்சம்!"

ஒருவரும் விடவில்லை. எஞ்சின் உறுமியது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து இறங்க வேண்டியதாயிற்று அவனுக்கு. சிரிப்பு வடத்தின் முனையிலிருந்து தொடங்கிக் கயிறு வழியாகவே வந்ததுபோல் வந்தது. சிரித்ததில் பிடி தளர்ந்தது, பல்லக்கு ஐந்தடி இறங்கியது. அலறிப் பிடித்தார்கள், நின்றது. மறுபடி சிரிப்பு. முனியப்பன் "டேய், சிரிக்காதீங்கடா, அம்மன் போறா!" என்று சிரித்துக்கொண்டே திட்டினார். ஓரத்தில் சரளாவின் தோளில் மகா. "இழு! இழு! இழு!" என்று விசிறியால் அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் வியர்வை விழுந்தது. துடைக்கக் கை இல்லை. டிரெய்லரின் சட்டத்தையே பார்த்தேன். நேர். நேர். இடது வடம் கொஞ்சம் தளர். நேர்.

கீழே சமதரை வந்தது. சீனு இடதுபக்கம் ஒடித்தான். பல்லக்கு அவன் பின்னால் வளைந்து, வேலிக்குப் பத்தடி தள்ளி, ஏரியைப் பார்த்து நின்றது.

முதல் இடத்தில் யாரும் இல்லை. மைக்கில் எங்கள் தெருவின் பெயரைச் சொன்னார்கள். செக்ரட்டரி கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டினார். ஐந்து ஐம்பத்து நாலு. பிறகு நடந்ததைச் சரியாகச் சொல்ல முடியாது. விசில், மேளம், சீனுவை யாரோ தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். குழந்தைகளை மறுபடி ஏற்றினார்கள். இம்முறை பதினைந்து பேரையும். சமதரைதானே என்று நானும் தடுக்கவில்லை. இறக்கத்தின் மேலே பால்காரன் தெருப் பல்லக்கு வந்து நின்றது. அவர்கள் டிராக்டரில் வந்தும், எங்களைப் பார்த்துவிட்டுப் பின்னால் இரண்டு கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அத்தை பக்கத்தில் வந்தார். என் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கைத் தோல் இரண்டு இடத்தில் உரிந்திருந்தது. முந்தானையால் ஒற்றினார்.

"என்ன கத்து கத்தறீங்க மாப்பிள்ளை," என்றார். "சாய், சாய்னு. ஏரி அந்தக் கரைக்குக் கேட்டிருக்கும்."

நான் கத்தவில்லை, வேறு யாரோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தொண்டை முழுதாகக் கட்டியிருந்தது.

"பேசாதீங்க," என்றார் அத்தை. "வீட்டுக்குப் போய் மிளகுப் பால் போடறேன்."

அங்கிருந்து சீனு கூப்பிட்டான். "மாமா, வண்டியை ரெண்டடி முன்னாடி எடுக்கவா?"

குனிந்து டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரம். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.